செரண்டிப்பிட்டி: கடிதத்தில் பிறந்த ஒரு சொல்



ஆங்கிலத் துறையும் தமிழ்த் துறையும் சேர்ந்து நடத்தும் அறக்கட்டளைச் சொற்பொழிவு இது. இரண்டு துறையினருக்கும் பொதுவாக ஏதாவது பேச வேண்டும் என்று யோசித்து, கடைசியில் ஒரே ஓர் ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். ஒரு மணி நேரமும் ஒரு சொல்லைப் பற்றியா என்று பின்வரிசையில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். ஐயா, பொறுத்தருள வேண்டும். அந்தச் சொல் கொஞ்சம் ஊர் சுற்றிய சொல்.

'செரண்டிப்பிட்டி' என்பது அந்தச் சொல். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற மாணவர்களுக்கு இது பழக்கமானதாக இருக்கும். அவர்கள் மனப்பாடம் செய்யும் பட்டியல்களில் இதற்கு எதிரே 'எதிர்பாராத நல்வாய்ப்பு' என்று எழுதியிருக்கும். கொஞ்சம் பெரிய புத்தகமாக இருந்தால், 'செரண்டிப் என்ற இலங்கையின் பழைய பெயரிலிருந்து வந்தது' என்று ஒரு வரி கூடுதலாக இருக்கும். இரண்டு தகவலும் சரிதான். ஆனால் ஒரு தீவின் பெயர் எப்படி நல்வாய்ப்பு ஆகும்? அந்தத் தீவில் வாய்ப்புகள் குவிந்து கிடந்தனவா? பட்டியலைப் படிக்கிற மாணவர் இதைக் கேட்பதில்லை. கேட்டால் மதிப்பெண்ணும் கூடாது.

ஒரு சொல்லின் பிறப்பு தெரிந்துவிட்டால் அதன் பொருள் தானாகத் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. வேர்ச்சொல் கண்டுவிட்டோம் என்றால் வழக்கு முடிந்தது என்று எழுந்து போய்விடுகிறோம். அந்த நம்பிக்கையை உரசிப் பார்க்க இந்தச் சொல்லைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. ஏனென்றால், இதைப் படைத்தவரே அப்படித்தான் நம்பினார். நம்பியதை எழுதியும் வைத்தார்.

பெரும்பாலான சொற்களுக்குப் பிறந்த நாள் கிடையாது. இதற்கு உண்டு. 1754ஆம் ஆண்டு ஜனவரி 28. ஹோரஸ் வால்போல் என்ற ஆங்கிலேயப் பிரபு, இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் பிரிட்டனின் தூதராக இருந்த ஹோரஸ் மான் என்பவருக்கு எழுதிய கடிதத்தில் இந்தச் சொல் முதன்முதலாகத் தாளில் ஏறியது. வால்போல், பிரிட்டனின் முதல் பிரதமர் என்று சொல்லப்படும் ராபர்ட் வால்போலின் கடைசி மகன், 1717இல் பிறந்தவர். டிவிக்கன்ஹாமில் 'ஸ்ட்ராபெரி ஹில்' என்று கோட்டை போன்ற ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டு, பழம்பொருள்களைச் சேர்த்துக்கொண்டு, ஊர்வம்பு எழுதிக்கொண்டு வாழ்ந்தவர். 1764இல் அவர் எழுதிய 'ஒட்ரான்டோ கோட்டை'தான் ஆங்கிலத்தின் முதல் பேய்மாளிகை நாவல். ஆனால் அவருடைய உண்மையான படைப்பு அவர் கடிதங்கள். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் அவற்றை 48 தொகுதிகளாகப் பதிப்பித்தது. 1937இல் தொடங்கிய வேலை 1983இல்தான் முடிந்தது. மானும் அவரும் இளமையில் இத்தாலியில் பழகியவர்கள். 1741இல் பிரிந்தபின் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கடிதத்திலேயே நட்பை வளர்த்தார்கள். மறுபடி நேரில் சந்திக்கவே இல்லை. நம் கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் நினைக்கிறீர்கள், தெரிகிறது.

அந்த ஜனவரியில் மான் அனுப்பிய ஓவியம் ஒன்று வால்போலுக்கு வந்து சேர்ந்திருந்தது. பியாங்கா கப்பெல்லோ என்ற வெனிஸ் நகரப் பெண்ணின் உருவப்படம். மெடிச்சி குடும்பத்துப் பிரபுவை மணந்தவள் அவள். படத்துக்குச் சட்டம் போட்டு, அதில் இரு குடும்பங்களின் சின்னங்களையும் பொறிக்க வால்போலுக்கு ஆசை. வெனிஸ் குடும்பச் சின்னங்களைப் பற்றிய பழைய புத்தகம் ஒன்றைப் புரட்டினார். கப்பெல்லோ சின்னத்தில் மெடிச்சி சின்னத்தின் அடையாளம் ஒன்று சேர்க்கப்பட்டிருப்பது கண்ணில் பட்டது. தனக்கு எது வேண்டுமானாலும் எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் கிடைத்துவிடுகிறது என்று அவருக்குக் கொஞ்சம் பெருமை. மானுக்கு எழுதும்போது, இந்த வகைக் கண்டுபிடிப்பைத்தான் நான் செரண்டிப்பிட்டி என்கிறேன் என்றார்.

அடுத்து அவர் சொல்வதுதான் இன்று நமக்கு வேண்டியது. இந்தச் சொல்லுக்கு இலக்கணம் சொல்வதைவிட, இது எங்கிருந்து வந்தது என்று சொன்னால் உனக்கு நன்றாக விளங்கும் என்கிறார். அதாவது, வரையறை வேண்டாம், பிறப்பைக் கேள். எப்போதோ தான் படித்த 'செரண்டிப்பின் மூன்று இளவரசர்கள்' என்ற அசட்டுக் கதை ஒன்றைச் சொல்கிறார். அந்த இளவரசர்கள் பயணம் போகும்போது, தாங்கள் தேடாத பொருள்களைத் தற்செயலாலும் கூர்மதியாலும் கண்டுபிடித்துக்கொண்டே போனார்களாம். உதாரணமும் தருகிறார். தங்களுக்கு முன்னால் அந்த வழியில் போன கோவேறு கழுதைக்கு வலக்கண் குருடு என்று ஒருவன் சொல்லிவிட்டான். எப்படி? சாலையின் இடப்பக்கத்துப் புல் மட்டுமே மேயப்பட்டிருந்தது; அந்தப் பக்கத்துப் புல்லோ மட்டமானது. இப்போது புரிகிறதா என்று மானைக் கேட்கிறார். எதைத் தேடுகிறோமோ அதையே கண்டுபிடித்தால் அது இந்தக் கணக்கில் சேராது என்றும் எச்சரிக்கிறார்.

அதோடு நிறுத்தவில்லை. இன்னொரு சான்று தருகிறார். எனக்குப் பிடித்தது அதுதான். கிளாரெண்டன் பிரபுவின் வீட்டு விருந்தில் ஷாஃப்ட்ஸ்பரி பிரபு உட்கார்ந்திருக்கிறார். கிளாரெண்டனின் மகள் ஆன் ஹைடும் அங்கே இருக்கிறாள். சாப்பாட்டு மேசையில் அவளுடைய தாயே அவளிடம் காட்டிய மரியாதையைப் பார்த்ததும் ஷாஃப்ட்ஸ்பரிக்குப் புரிந்துவிடுகிறது: இவளுக்கும் அரசரின் தம்பி யார்க் கோமகனுக்கும் ரகசியத் திருமணம் நடந்துவிட்டது! பெற்றவளே மகளுக்குப் பணிந்து நடக்கிறாள் என்றால் மகள் இப்போது யாரோ ஆகிவிட்டாள் என்றுதானே பொருள்? பந்தியில் யார் யாருக்கு முதலில் பரிமாறுகிறார்கள் என்பதை வைத்தே வீட்டு அரசியலைக் கண்டுபிடிக்கும் மாமிகள் நம் ஊர்க் கல்யாணங்களில் உண்டு. ஷாஃப்ட்ஸ்பரி அந்த இனம்.

இந்த இரண்டு சான்றிலும் அதிர்ஷ்டம் எங்கே இருக்கிறது? தற்செயல் வெறும் வாசல்தான். உள்ளே வேலை செய்வது முழுக்க மதி. மேயப்பட்ட புல்லை அந்த வழியாகப் போன எல்லாரும்தான் பார்த்திருப்பார்கள். நம் பட்டியல் தரும் 'எதிர்பாராத நல்வாய்ப்பு' என்ற பொருளில் இந்த மதி காணாமல் போய்விட்டது. சொல்லின் பாதி உடம்பு வழியிலேயே விழுந்துவிட்டது. எங்கே விழுந்தது என்று பார்க்க, சொல்லுக்கு முன்னால் இருந்த கதைக்குப் போக வேண்டும்.

வால்போல் சொன்ன அசட்டுக் கதை ஆங்கிலத்தில் 1722இல் வெளிவந்தது. அது 1719இன் பிரெஞ்சு நூலிலிருந்து வந்தது. பிரெஞ்சு, இத்தாலியத்திலிருந்து. 1557இல் வெனிஸ் நகரில் மிக்கேலே திரமெட்சீனோ என்ற பதிப்பாளர், கிறிஸ்தோஃபோரோ ஆர்மேனோ பாரசீகத்திலிருந்து மொழிபெயர்த்தது என்று சொல்லி அச்சிட்ட நூல் அது. அதற்கும் முன்னால் கதை பாரசீகத்தில் இருந்தது. டெல்லியில் வாழ்ந்த அமீர் குஸ்ரோ 1302 வாக்கில் பாடிய 'ஹஷ்த் பிஹிஷ்த்', அதாவது 'எட்டுச் சொர்க்கங்கள்' என்ற காவியத்தில், பஹ்ராம் கூர் மன்னனுக்குச் சொல்லப்படும் கதைகளில் ஒன்றாக வருகிறது. இன்னும் பின்னால் போனால், யூதர்களின் தால்முதில் சிறைப்பட்டு நடந்துபோகும் இருவர், முன்னே போகும் ஒட்டகத்துக்கு ஒரு கண் குருடு, அது ஒரு பக்கம் திராட்சை மதுவும் மறு பக்கம் எண்ணெயும் சுமக்கிறது என்று பேசிக்கொள்வதைக் காணலாம்.

கவனித்தீர்களா, ஒட்டகம். கழுதை அல்ல. கதையில் எல்லா இடத்திலும் ஒட்டகம்தான். அதைக் கோவேறு கழுதை ஆக்கியது வால்போலின் ஞாபகம். பிறப்பைச் சொன்னால் விளங்கும் என்றவர், பிறப்பையே சரியாக நினைவில் வைத்திருக்கவில்லை.

இத்தாலிய நூலில் கதை இப்படிப் போகிறது. செரண்டிப்பின் அரசன் ஜாஃபர், கல்வி முடித்த தன் மூன்று பிள்ளைகளையும் உலகறிவு பெற்றுவரும்படி நாட்டைவிட்டு வெளியே அனுப்புகிறான். வேற்று நாட்டில் ஒட்டகத்தைத் தொலைத்த ஒருவன் எதிரே வருகிறான். ஒட்டகத்தைப் பார்த்தீர்களா என்று கேட்கிறான். ஒற்றைக் கண்ணா என்கிறான் ஒருவன். ஒரு பல் இல்லையா என்கிறான் அடுத்தவன். ஒரு கால் நொண்டியா என்கிறான் மூன்றாமவன். ஒரு பக்கம் வெண்ணெய், மறு பக்கம் தேன், மேலே ஒரு கர்ப்பிணிப் பெண் என்று அடுக்கிக்கொண்டே போகிறார்கள். இவ்வளவும் தெரிந்தவர்கள் திருடர்களாகத்தானே இருக்க வேண்டும்? பிடித்துக்கொண்டு போய்ச் சிறையில் போடுகிறார்கள். உயிர் போகும் நிலை. நல்லவேளையாக ஒட்டகம் வேறோர் இடத்தில் கிடைத்துவிடுகிறது. அதன் பிறகே அந்நாட்டு மன்னன் காரணம் கேட்கிறான். ஒரு பக்கத்து வழியெல்லாம் எறும்புச் சாரி, அதனால் வெண்ணெய்; மறு பக்கம் ஈ மொய்த்தது, அதனால் தேன்; மென்று துப்பிய புல் உருண்டைகள் ஒரு பல் அளவுக்கு வழியில் கிடந்தன, அதனால் பல் இல்லை; மூன்று காலடிக்கு ஒரு இழுப்பு, அதனால் நொண்டி; இறங்கிய இடத்தில் எழுந்திருக்கத் தரையில் கை ஊன்றிய தடம், அதனால் கர்ப்பிணி.

இந்தக் கதையில் இளவரசர்கள் என்ன நல்வாய்ப்பைப் பெற்றார்கள்? தேடாத எந்தப் பொருளைக் கண்டெடுத்தார்கள்? ஒட்டகத்தை அவர்கள் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. தற்செயலாக நடந்தது ஒன்றே ஒன்று, சிறைக்குப் போனது. ஆகவே, வால்போல் எந்தக் கதையின் பெயரால் சொல்லைப் படைத்தாரோ, அந்தக் கதை அந்தச் சொல்லுக்குச் சான்றே அல்ல. அது தடம் படிக்கும் கதை. தற்செயல் என்பது வால்போல் தன் கையிலிருந்து சேர்த்தது; புத்தகத்தைத் திறந்தால் வேண்டியது கிடைக்கிறது என்ற தன் சொந்த அனுபவத்தை இளவரசர்களின் தலையில் ஏற்றிவிட்டார்.

இங்கே ஒரு வேடிக்கை. கதையை 'அசட்டுக் கதை' என்று சொல்ல வால்போல் பயன்படுத்திய ஆங்கிலச் சொல் 'சில்லி'. பழைய ஆங்கிலத்தில் அதன் மூலச் சொல்லுக்கு 'பேறு பெற்ற', 'ஆசி பெற்ற' என்று பொருள். நல்லவர், அப்பாவி, இரக்கத்துக்குரியவர், விவரம் இல்லாதவர், அசடு என்று படிப்படியாக இறங்கியது. நற்பேற்றைக் குறிக்க ஒரு சொல்லைப் பெற்றெடுத்த கதையை, ஒரு காலத்தில் நற்பேற்றைக் குறித்த சொல்லாலேயே இகழ்கிறார்! வேர்ப்பொருள்தான் மெய்ப்பொருள் என்று வாதிடுகிறவர்கள் இந்தக் கடிதத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொள்ளலாம். நம் 'நாற்றம்' இதற்கு எல்லாரும் சொல்லும் உதாரணம், அதனால் விட்டுவிடுகிறேன்.

கதை தன் வழியில் வேறு பக்கம் போனது. பிரெஞ்சு எழுத்தாளர் வால்தேர் அதை எடுத்து 1740களின் கடைசியில் எழுதிய 'ஸாதிக்' என்ற நூலில் அரசியின் நாயாகவும் அரசனின் குதிரையாகவும் மாற்றினார். அங்கும் தடத்தைப் படித்தவன்தான் மாட்டிக்கொள்கிறான். 1880இல் ஆங்கில உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லி 'ஸாதிக்கின் முறை' என்றே தலைப்பு வைத்து ஒரு சொற்பொழிவு செய்தார். புதைபடிவங்களைப் பார்த்து அழிந்துபோன விலங்கைச் சொல்லும் அறிவியலும் நிலவியலும் தொல்லியலும் எல்லாமே ஒட்டகத் தடத்தைப் படித்தவனின் வேலைதான் என்பது அவர் வாதம். துப்பறியும் கதைகளுக்கும் இதே பரம்பரை. 1979இல் இத்தாலிய வரலாற்றாசிரியர் கார்லோ கின்ஸ்பர்க், வேட்டைக்காரன், ஷெர்லாக் ஹோம்ஸ், ஃபிராய்டு ஆகியோரை ஒரே கயிற்றில் கட்டி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையிலும் இந்த இளவரசர்கள் வருகிறார்கள். கதையின் சாரமான மதி துப்பறிவாளர்களிடம் போய்விட்டது. கதையின் பெயர் மட்டும் அதிர்ஷ்டசாலிகளிடம் வந்து சேர்ந்தது. ஒரே தாய்க்குப் பிறந்த இரண்டும் பிறகு முகம் பார்த்துக்கொள்ளவே இல்லை.

இப்போது பெயருக்கு வருவோம். செரண்டிப், செரண்டீப், சரந்தீப் என்பது அரபிகளும் பாரசீகரும் இலங்கைக்கு வழங்கிய பெயர். ஆயிரத்தோரு இரவுகளில் சிந்துபாத் தன் ஆறாவது பயணத்தில் கரையேறுவது அங்கேதான். ஆதம் நபி சொர்க்கத்திலிருந்து இறங்கிய இடம் சரந்தீப் என்ற நம்பிக்கை முஸ்லிம்களிடையே உண்டு. தமிழ் சைவர்களுக்குச் சிவனொளிபாதமாக இருக்கும் மலை இலங்கை முஸ்லிம்களுக்குப் பாவாதமலை.

பெயரின் மூலம் எது? 'சேரன் தீவு' என்பதே செரண்டிப் ஆயிற்று என்று நம்மவர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். மேடைகளிலும் கைதட்டலோடு சொல்லப்படுகிறது. காதுக்கு இனிமையாக இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் காது கொடுக்கும் சாட்சியம் நீதிமன்றத்தில் நிற்காது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் புவியியலாளர் தாலமி அந்தத் தீவைச் 'சலிகே' என்றும் மக்களைச் 'சலாய்' என்றும் எழுதுகிறார். 4ஆம் நூற்றாண்டில் ரோம வரலாற்றாசிரியர் அம்மியானுஸ், ஜூலியன் பேரரசரிடம் தூது வந்தவர்களைச் சொல்லும்போது 'செரண்டிவி' என்கிறார். 6ஆம் நூற்றாண்டில் காஸ்மாஸ் என்ற கிரேக்கத் துறவி 'சீலெதிபா' என்கிறார். லகரம் முந்தியும் இருக்கிறது, பிந்தியும் இருக்கிறது. நடுவில் ரகரம் வருகிறது. லகரத்தை ரகரமாக ஒலிப்பது பழம் பாரசீகத்தின் குணம். பாபிலோன் என்ற பெயரையே பாரசீகப் பேரரசன் தாரியஸின் கல்வெட்டு 'பாபிருஷ்' என்றுதான் பொறித்திருக்கிறது. ஆகவே, வடமொழியின் சிம்மளத்வீபம், பாளியின் சீஹளதீபம் மேற்கே போகும்போது பாரசீக வாயில் புகுந்து செரண்டிப் ஆயிற்று என்பதே அறிஞர்கள் பலரும் ஏற்கும் விளக்கம். எனக்கும் அதுதான் பொருத்தமாகப் படுகிறது. பட்டினப்பாலை அந்தத் தீவை ஈழம் என்கிறது. சேரன் தீவு என்று நம் பழைய நூல் எதுவும் சொல்லாதபோது, அரபி மட்டும் எங்கிருந்து அதைக் கேட்டிருப்பான்? ஈழம் என்ற சொல்லின் மூலத்தைப் பற்றிய தகராறு வேறு. அதற்குத் தனியாக ஓர் அறக்கட்டளை வேண்டும்.

அதே சிம்மளத்திலிருந்து கிளைத்த இன்னொரு பெயர் நமக்கு மிகவும் பழக்கமானது. போர்த்துகீசியர் 'சைலான்' என்றார்கள், ஆங்கிலேயர் 'சிலோன்' என்றார்கள். சிலோன் ரேடியோ கேட்டு வளர்ந்த தலைமுறை இந்த அரங்கிலும் இருக்கிறது. சிலோனும் செரண்டிப்பும் உடன்பிறப்புகள். ஒன்று கப்பலில் போனது, ஒன்று கதையில் போனது. 1972இல் நாடு 'ஸ்ரீலங்கா' ஆனபோது சிலோன் தேயிலைப் பெட்டியோடு நின்றுவிட்டது. செரண்டிப் அந்நாட்டு விமானத்தில் பயணிகள் புரட்டும் இதழின் பெயராயிற்று.

சொல் பிறந்துவிட்டது, ஆனால் நடக்கவில்லை. வால்போல் சொற்களை உண்டாக்குவதில் கை தாராளமானவர். பச்சைக்கு 'கிரீன்த்', இருட்டுக்கு 'க்ளூம்த்', எதற்கும் எதற்கும் நடுவில் இருப்பதற்கு 'பிட்வீனிட்டி' என்றெல்லாம் செய்து பார்த்தார். எல்லாம் கடிதத்தோடு உறங்கிவிட்டன. செரண்டிப்பிட்டியும் எண்பது ஆண்டுகள் உறங்கியது. மானுக்கு எழுதிய கடிதங்கள் 1833இல் அச்சேறின. அப்போதும் யாரும் கண்டுகொள்ளவில்லை. 1875இல் எட்வர்ட் சோலி என்ற வேதியியலாளர், பழம் நூல் விரும்பி, 'நோட்ஸ் அண்ட் குவெரீஸ்' என்ற இதழில் அதை எடுத்துப் போட்டார். அதன் பிறகு பழைய புத்தகக் கடைகளில் அலைபவர்களின் சொல்லாக அது கொஞ்ச காலம் இருந்தது. தூசி படிந்த அடுக்கில் வேறொன்றைத் தேடும்போது அரிய நூல் கையில் தட்டுப்படுவதற்கு அவர்களுக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது.

அங்கிருந்து அகராதிக்குப் போனது. 1884இல் பகுதி பகுதியாக வெளிவரத் தொடங்கி 1928இல் முடிந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி, ஒவ்வொரு சொல்லும் எந்த ஆண்டில் யார் எழுத்தில் எந்தப் பொருளில் வந்தது என்று ஆண்டு போட்டுக் காட்டும் அகராதி. தன்னார்வலர்கள் துண்டுச் சீட்டுகளில் எழுதி அனுப்பிய மேற்கோள்களால் கட்டப்பட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை வந்தபோது நூல் மேற்கோள்களைத் தந்தது, ஆண்டுகளைத் தரவில்லை. சொல்லின் பொருள் எப்போது திரும்பியது என்று தமிழில் தேடுகிறவர்களுக்கு இன்றும் அதுதான் சிரமம்.

ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் 1930களில் வேறு ஏதோ ஒரு சொல்லைத் தேடிப்போன ராபர்ட் மெர்டன் என்ற இளம் சமூகவியலாளர் கண்ணில் செரண்டிப்பிட்டி பட்டது. அந்தச் சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான அறிமுகம் இருக்க முடியாது! 'ரோல் மாடல்' போன்ற சொற்களை உலகுக்குக் கொடுத்தவர் மெர்டன். அவரும் எலினார் பார்பர் என்ற ஆய்வாளரும் சேர்ந்து இந்த ஒரு சொல்லின் வாழ்க்கை வரலாற்றை எழுதி 1958இல் முடித்தார்கள். முடித்ததை அச்சுக்குக் கொடுக்காமல் அப்படியே வைத்துவிட்டார்கள். 2002இல் இத்தாலிய மொழியில்தான் முதலில் வந்தது. ஆங்கிலத்தில் 2004இல் வந்தபோது மெர்டன் உயிருடன் இல்லை. சொற்களின் வரலாறு எப்படி எழுதப்பட வேண்டும் என்று அறிய விரும்பும் ஆய்வு மாணவர்கள் வேறு எதையும் படிக்காவிட்டாலும் அந்த ஒரு நூலைப் படியுங்கள்.

இதே காலத்தில் ஹார்வர்டில் உடலியல் பேராசிரியராக இருந்த வால்டர் கேனன் சொல்லை ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுவந்தார். 1945இல் வெளிவந்த அவருடைய நூலில் இதற்கென்றே ஓர் இயல் இருக்கிறது. அதிலிருந்து சொல்லுக்குப் புது வாழ்வு. பெனிசிலின், எக்ஸ்ரே, பிரபஞ்சத்தின் பின்னணிக் கதிர்வீச்சு என்று உதாரணப் பட்டியல் நீளும், நீங்கள் கேட்டவைதான். ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதில் நம் பக்கமும் இருக்கிறது.

1856. வில்லியம் ஹென்றி பெர்க்கின் என்ற 18 வயது மாணவர், ஈஸ்டர் விடுமுறையில் வீட்டிலேயே அமைத்த சிறு ஆய்வுக்கூடத்தில் கரித்தாரிலிருந்து கொய்னா செய்யப் பார்த்தார். மலேரியாவில் மடியும் பேரரசின் சிப்பாய்களுக்கும் அதிகாரிகளுக்கும் கொய்னா வேண்டும். வந்தது கொய்னா அல்ல, கறுப்பாக ஏதோ ஒரு வண்டல். குடுவையைச் சாராயத்தால் கழுவும்போது ஊதா நிறம் பிரிந்தது. அந்த இடத்தில் நூறு பேர் இருந்தால் தொண்ணூறு பேர் கழுவி ஊற்றியிருப்பார்கள். பெர்க்கின் அந்த ஊதாவைப் பட்டில் தோய்த்துப் பார்த்தார். சாயம் போகிறதா என்று பார்த்தார். படிப்பை விட்டுவிட்டுத் தொழிற்சாலை வைத்தார். வண்டல் தற்செயல், பட்டுத்துணி மதி. வால்போலின் இரண்டு பாதியும் இங்கே சேர்ந்திருக்கின்றன.

ஆனால் செயற்கைச் சாயத் தொழில் அங்கிருந்து வளர்ந்து, 1897இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் செயற்கை அவுரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. வங்காளம், பீகாரிலிருந்து நம் தென்னார்க்காடு வரை அவுரி விளைந்த நிலங்களின் கதை அதோடு மாறியது. பெர்க்கினின் நற்பேறு யாருக்கு நற்பேறு என்ற கேள்வியை ஆங்கில அகராதி கேட்பதில்லை. 'மகிழ்ச்சியான தற்செயல்' என்று எழுதும்போது, மகிழ்ந்தவர் யார் என்று எழுதுவதற்கு அங்கே இடம் கிடையாது.

சொல் ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வந்து சந்தைக்குப் போனதும், மதிப் பகுதி முழுவதும் உதிர்ந்துவிட்டது. உணவகம், வாசனைத் திரவியம், காதல் திரைப்படம் என்று எல்லாவற்றுக்கும் செரண்டிப்பிட்டி பெயராயிற்று. இன்று ஒருவர் பேருந்தில் பழைய நண்பரைச் சந்தித்தாலே அது செரண்டிப்பிட்டி. இது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். கோடிக்கணக்கானவர்கள் ஒரு பொருளில் வழங்கினால் அதுதான் பொருள்; வால்போலின் கடிதத்தைக் காட்டி அவர்களைத் திருத்த முடியாது. அவர் கடிதமே தன் கதையைத் தவறாகத்தானே நினைவு வைத்திருக்கிறது? ஆனால் ஓர் ஆய்வாளர் தன் கட்டுரையில் இந்தச் சொல்லைப் போடும்போது, கேனன் போட்ட பொருளில் போடுகிறாரா, திரைப்படப் பொருளில் போடுகிறாரா என்று தெரிந்து போட வேண்டும். அதற்குப் பட்டியல் உதவாது, வேரும் உதவாது. இடையில் இருந்த 250 ஆண்டுகள்தான் உதவும்.

தமிழில் எப்படிச் சொல்வது என்று மொழிபெயர்ப்பாளர்கள் கேட்பார்கள். 'தற்செயல்' பாதியைச் சொல்கிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பதும் பாதிதான். அங்கே காக்கைக்கு மதி தேவையில்லை. விசித்திரம் என்னவென்றால், இதற்கு நேர் எதிரான நிலைக்கு நம்மிடம் பஞ்சமே இல்லை. பிள்ளையார் பிடிக்கப் போனால் குரங்கு, கிணறு வெட்டப் போனால் பூதம். ஆங்கிலத்துக்கு அந்த எதிர்ச்சொல் மிகவும் பிந்தித்தான் கிடைத்தது. வில்லியம் பாய்டு என்ற நாவலாசிரியர் 1998இல் 'ஸெம்பிளானிட்டி' என்று ஒன்றை உண்டாக்கினார். வெயிலும் வாசனையும் நிறைந்த தெற்குத் தீவுக்கு எதிராக, பனி உறைந்த வடக்குத் தீவான நோவா ஸெம்பிளாவைப் பிடித்துக்கொண்டார். நமக்குப் பூதமே போதும். செரண்டிப்பிட்டிக்கு ஒரே சொல் வேண்டும் என்று நான் கட்டாயப்படுத்த மாட்டேன். 'தற்செயலும் கூர்மதியும்' என்று இரண்டு சொல்லில் சொன்னால் என்ன குறைந்துவிடும்? வால்போலே விளக்கும்போது இரண்டாகத்தான் சொன்னார்.

கடைசியாகத் தமிழ்த் துறையினருக்கு ஒன்று. இந்த ஒட்டகக் கதையை நீங்கள் வேறு எங்கோ கேட்டிருக்கிறீர்கள். அலகேசன் கதை, நாலு மந்திரி கதை என்ற பெயர்களில் தமிழில் வழங்கியது இதுவேதான். நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த ச.ம. நடேச சாஸ்திரி இதை ஆங்கிலத்தில் பெயர்த்தார். டபிள்யூ.ஏ. கிளவுஸ்டன் 1889இல் வெளியிட்ட கீழை நாட்டுக் கதைத் தொகுப்பிலும் அலகேசன் கதை இடம்பெற்றது. 1894இல் 'தானவன்' என்ற போலீஸ் நிபுணனை வைத்துத் தமிழின் தொடக்ககாலத் துப்பறியும் கதைகளை வெளியிட்டவரும் இதே நடேச சாஸ்திரிதான். ஐரோப்பாவில் ஒட்டகத்திலிருந்து துப்பறிவாளனுக்குப் போக நூறாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இங்கே ஒரே மனிதரின் மேசையில் இரண்டும் இருந்தன.

நம் கதையில் இளவரசர் மூவர் இல்லை, இளைஞர் நால்வர். ஒட்டகத்துக்கு ஒரு கால் நொண்டி, ஒரு கண் குருடு, வால் குட்டை, வயிற்றில் வலி. தரையில் மூன்று கால்களின் தடம்தான் பதிந்திருந்தது, ஆகவே நொண்டி. ஒரு பக்கத்து இலைகள் மட்டுமே கடிக்கப்பட்டிருந்தன, ஆகவே குருடு. கொசு கடித்த இடத்து இரத்தத் துளிகள் வழியெல்லாம் சிந்தியிருந்தன, வீசி விரட்ட வால் போதவில்லை. முன்கால் ஆழமாகவும் பின்கால் பட்டும் படாமலும் பதிந்திருந்தன, வயிற்று வலியால் பின்னுடலைச் சுருக்கிக்கொண்டு நடந்திருக்கிறது. நடேச சாஸ்திரி தரும் வடிவில் ஒட்டகம் கடைசிவரை கிடைப்பதே இல்லை. அரசன் அதன் சொந்தக்காரனுக்குப் பணம் கொடுத்து அனுப்பிவிட்டு, நால்வரையும் மந்திரிகளாக வைத்துக்கொள்கிறான்.

வெண்ணெயும் தேனும் போயின, எறும்பும் ஈயும் போயின, கர்ப்பிணியும் போனாள். பல்லுக்குப் பதில் வால் வந்தது, கொசு வந்தது. செரண்டிப்பும் போய்விட்டது, பக்கத்திலேயே அந்தத் தீவு இருக்க, நம் கதைசொல்லி ஊரை அலகாபுரி ஆக்கிவிட்டான். இவ்வளவையும் மாற்றியவன் ஒட்டகத்தை மட்டும் ஏன் மாடாக மாற்றவில்லை? தடம், மேய்ச்சல், வால், கொசு எல்லாம் மாட்டுக்கும் பொருந்துமே. ஒட்டகம் தொல்காப்பியத்திலேயே வரும் விலங்குதான் என்றாலும், தமிழ்க் கிராமத்தில் கதை கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒட்டகத்தைக் கண்டவர்கள் மிகச் சிலராகத்தான் இருந்திருப்பார்கள். லண்டன் பிரபு கூசாமல் கோவேறு கழுதை ஆக்கிய இடத்தில், அவர்கள் ஒட்டகத்தை ஒட்டகமாகவே விட்டுவைத்தார்கள். நாலு மந்திரி கதையின் பழைய அச்சுப் பதிப்புகளையும் பாரசீக, இத்தாலிய வடிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது எங்கே மாறியது, எது மாற மறுத்தது என்று இந்த இரண்டு துறைகளின் மாணவர்களும் சேர்ந்து பார்க்கலாம். ஒரு முனைவர் பட்டத்துக்குப் போதுமான வேலை அதில் இருக்கிறது.